விரிப்புக்கு அடியில் இருந்த துரு

ஐப்பசி 10, செவ்வாய்

நான்கு வருடமாக நான் பழுதுபார்த்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்க இன்று ஒருவர் கோட்டுச்சேரிக்கு வந்தார். எஞ்சின் சத்தத்திலேயே மயங்கிவிட்டார். பேசி முடிக்கும் நேரத்தில் என் மனைவி மலர் காருக்குள் கிடந்த விரிப்பைத் தூக்கினாள்.

“அடித்தகடு துருப்புடிச்சிருக்குங்க. எல்லாம் உப்புக் கடக்காத்து பண்ணுன வேல. பெயிண்ட் மறைச்சிருக்கு. ஒங்க புள்ளைங்க ஒக்காருவாங்கல்ல?”

அவர் போய்விட்டார். கோபத்தில் நான் சாப்பிடவில்லை. பெயிண்ட் அடித்து மூடியவன் நான்தான்.

சாயங்காலம் அவளே கட்டிங் மெஷினை எடுத்து வந்தாள். “வெட்டிட்டுப் புதுத்தகடு வைங்க. நான் புடிச்சுக்கறேன்.”

வெட்டும்போது இருக்கையின் போல்ட் துருத்தகட்டோடு பெயர்ந்து கையில் வந்தது. அந்த இருக்கையில்தான் அவர் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அவள் புதுத்தகட்டை எடுத்து நீட்டினாள்.

இரவு, உண்மையைச் சொல்லும் உன் துணிச்சல் எனக்கு இல்லை என்று அவளிடம் சொல்லப் போனேன். அதற்குள் தூங்கிவிட்டாள்.