உங்களுக்கு முந்தி

ஒக்ரோபர் 7, செவ்வாய்

விடிய 4 பாகை. தூறல். யன்னலுக்கு வெளியால மரமெல்லாம் சிவப்பு.

சூட்கேஸ் நிறுத்தது: 21 கிலோ. இன்னும் இரண்டு கிலோ போகும். பக்கத்து வீட்டுச் சரசுவுக்கு மேப்பிள் பாணி, அந்த மரத்துப் பாகு, வாங்கவேணும். முழங்காலுக்குப் பூசுற மருந்து முடியுது.

மொன்றியலுக்கு வந்து ஐஞ்சு கிழமை. அடுத்த செவ்வாய் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் பயணம். தங்கச்சி மலர் (இனி ம., எழுதக் கை உளையுது) கலண்டரைப் பாத்திட்டு முகத்தைச் சுளிச்சாள்.

"செவ்வாயில ஆரும் பயணம் போறதே அக்கா?"

"சாதகத்திலேயே செவ்வாய் குடியிருக்கிறவளுக்குக் கிழமைச் செவ்வாய் என்ன செய்யும்?" எண்டன்.

என்ர வழமையான பகிடி. முப்பது வருசமாச் சொல்லுறன், ஊரில எல்லாரும் சிரிக்கிறவை. ம. சிரிக்கேல்லை. கழுவி வைச்ச கோப்பையைத் திருப்பி எடுத்துக் கழுவினாள். பேந்து என்னைப் பாக்காமலே, "அக்கா, நீங்கள் பிறந்தது எத்தினை மணிக்கு? அம்மா சொன்னவவே?"

"விடிய ஐஞ்சே கால். ஏன்?"

"சும்மா."

சோழியன் குடுமி சும்மா ஆடாது.

ஒக்ரோபர் 8, புதன்

வெயில், ஆனா சூடில்லாத வெயில். ம. வேலைக்குப் போக முதல் குளியலறைக்குள்ள நிண்டு ஏதோ செபிக்கிறாள். கதவில காது வைச்சன். (வெக்கம்தான். ஆனா வைச்சன்.)

"ஓ... சாகினி... ஓசாகினி..."

சாகினி டாகினியோ? ஆருக்குச் சூனியம் செய்யிறாள்? இந்தக் குளிருக்க இருந்து விசர் பிடிச்சிட்டுதோ?

வெளியால வந்தவள் என்னைக் கண்டு திடுக்கிட்டாள். நானும்தான். "வயித்துக்க சரியில்லையோ?" எண்டு கேட்டுச் சமாளிச்சன்.

ஒக்ரோபர் 9, வியாழன்

முழங்கால் நோ. வீட்டிலதான். பாண், பருப்பு, கீரை.

பின்னேரம் குசினிக்குள்ள குசுகுசு. ம.வும் அவளின்ர மனிசன் குகனும். குகன் டோர்வல் விமானநிலையத்தில சாப்பாட்டுப் பகுதியில வேலை, விடிய நாலுக்குப் போய் மூண்டுக்கு வந்திடுவார். ம. சொன்னது தெளிவாக் கேட்டது:

"அவ ஓமெண்டுவாவோ தெரியேல்லை. நீங்கள் இடையில வாய் திறக்கக் கூடாது."

முப்பத்தைஞ்சு வருசம் கணிதம் படிப்பிச்சவளுக்கு இதென்ன பெரிய கணக்கு.

தரவு:
1. பிறந்த நேரம் கேட்டது.
2. என்ர பச்சைக் காஞ்சிபுரத்தை ஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறது. "சனிக்கிழமை இதைக் கட்டுங்கோ அக்கா."
3. சனிக்கிழமை எங்க? ஜப்பான்காரரின்ர தேத்தண்ணிச் சடங்குக்காம். ம. மருந்துத் தொழிற்சாலையில பெட்டி அடுக்கிறவள், அங்க வேலை செய்யிறவையோட ஒருக்காப் போனவளாம். "உங்களுக்குப் பிடிக்கும். நாங்களே கலக்கிக் குடிக்கலாம்."
4. மேல எழுதின குசுகுசு.

நிறுவ வேண்டியது: எனக்கு மாப்பிள்ளை பாக்கினம்.

61 வயசில! பட்டுச் சீலை கட்டி, தேத்தண்ணி கலக்கி, முன்னுக்குக் கொண்டுபோய் வைக்க! ஜப்பான்காரரின்ர பேரால எங்கட பழைய கூத்து!

நான் தேத்தண்ணித் தட்டோட விறாந்தைக்கு வந்தது வாழ்க்கையில ஒரே ஒருக்கா. குகனின்ர தாயும் தமக்கையும் வந்திருந்தவை, கனடா மாப்பிள்ளைக்கு என்னைப் பாக்க. ஓம், இந்தக் குகன்தான். பாத்தினம், சிரிச்சினம், சாதகம் கேட்டினம். இரண்டு கிழமையால அப்பா சொன்னார்: "மூத்தவளுக்குச் செவ்வாய். சின்னவளின்ரதான் பொருந்துது." அக்கா நான் இருக்கத் தங்கச்சி முந்திக் கட்டிக்கொண்டு போனாள். நான் அம்மாவைப் பாத்தன், பேந்து அப்பாவைப் பாத்தன். இரண்டு செத்தவீட்டுக்கும் வந்து நிண்டிட்டுப் போனவள் ம.

குகனில எனக்கு ஒரு ஆசையும் இல்லை. இஞ்ச அந்த மனிசன் விடுற குறட்டையைக் கேட்டா, கடவுள் காப்பாத்தினார் எண்டுதான் நினைப்பு வருது.

ஒக்ரோபர் 10, வெள்ளி

கோயில். ம. ஐயரைத் தனியாக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கடதாசியைக் குடுத்தாள். தூணுக்குப் பின்னால நிண்டு பாத்தன். ஐயர் விரல் மடிச்சு எண்ணினார். தலையை ஆட்டினார்.

தரவு 5. இனி என்ன வேணும்? நிறுவியாச்சு.

நாளைக்கு அந்த மனிசனைக் கண்டதும் என்ன சொல்லவேணும் எண்டு படுத்திருந்து யோசிச்சன். "எனக்குச் செவ்வாய். என்னைக் கட்டினா ஆறு மாதத்தில சாவியள்." இது காணும்.

ஒக்ரோபர் 11, சனி

எப்பிடி எழுதிறது? ஒழுங்காவே எழுதுவம்.

காலமை பச்சைச் சீலை கட்டேல்லை. வேணுமெண்டே பழைய நூல் சீலை. அதுக்கு மேல குகனின்ர குளிர்ச் சட்டை. குகன் ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட இறக்கிவிட்டிட்டு, காருக்குள்ளயே இருக்கிறன் எண்டார். வாய் திறக்கக் கூடாது எண்டு கட்டளையல்லோ.

மாடியில ஒரு அறை. பாய் விரிச்சிருக்கு. செருப்பைக் கழட்டச் சொன்னவுடன கொஞ்சம் மரியாதை வந்திட்டுது. வயசான ஜப்பான் அம்மா ஒராள், சாம்பல் உடுப்பு. விளங்கப்படுத்த ஒரு பெட்டை, பிரெஞ்சிலும் இங்கிலீசிலும். எனக்கு முழங்கால் மடங்காதெண்டு சின்ன முக்காலி தந்தவை.

அங்க இருந்தார் அவர். அறுபது வயசு, கோட், நெத்தியில மெல்லிசாத் திருநீறு. எழும்பிக் கை கூப்பினார்.

"வணக்கம். நீங்க ஸ்ரீலங்காவா மேடம்? உங்க தமிழக் கேட்டுட்டே இருக்கலாம்."

இந்தியாக்காரரையே பிடிச்சிருக்கிறாள்! ம.வைத் திரும்பிப் பாத்த பார்வையில அவள் எரிஞ்சிருக்கவேணும். "எனக்குச் செவ்..." எண்டு நான் தொடங்க, படியில மூச்சு வாங்க ஒரு மனிசி வந்தா.

"பார்க்கிங்கே கிடைக்கலங்க. ரெண்டு ரவுண்டு அடிச்சேன்."

அவரின்ர மனிசி. சென்னை ஆக்கள், இங்க யூனிவர்சிற்றியில படிப்பிக்கினம். எனக்கு நிலம் பிளந்தா நல்லம் எண்ட மாதிரி.

அப்ப என்னத்துக்கு இவ்வளவும்?

ஆர் முதல் விருந்தாளி எண்டு பெட்டை கேட்டாள். நான் வாய் திறக்க முதல் ம. போய் முதலிடத்தில இருந்திட்டாள். அக்கா நிக்கிறன்! இங்கயும் முந்தீட்டாள். இரண்டாவதா நான்.

முதல்ல பழகிப் பாக்கிறது. குட்டி மூங்கில் மத்து. தயிர் கடையிற மாதிரிச் சுழட்டினன், இல்லையாம், முன்னும் பின்னும் ஆட்டவேணுமாம். பச்சைத்தூள், முருங்கையிலையை அரைச்ச நிறம். இனிப்பு ஒண்டு தந்தினம், பயத்தம்மாவு உருண்டை மாதிரி. நான் அதை உள்ளங்கையில பொத்தி வைச்சுக்கொண்டிருந்தன், பனங்கட்டி மாதிரித் தேத்தண்ணியோட கடிச்சுக் கடிச்சுக் குடிப்பம் எண்டு. ஜப்பான் அம்மா என்ர கையையே பாத்தா. இனிப்பை முதலே சாப்பிட்டு முடிக்கவேணுமாம் எண்டு பெட்டை சொன்னாள். கை முழுக்கப் பிசுபிசுப்பு.

பேந்து முறைப்படி. அந்த அம்மா கலக்கி முதல் கிண்ணத்தை ம.வுக்கு முன்னால வைச்சா. பெட்டை சொன்னாள்: கிண்ணத்தின்ர முகத்தில, அதாவது முன்பக்கத்தில, வாய் வைக்கக் கூடாது, இரண்டு தரம் திருப்பிக் குடிக்கவேணும். ஆனா அதுக்கு முதல், அடுத்த ஆளைப் பாத்துக் குனிஞ்சு ஒரு சொல் சொல்லவேணும். ஓ-சாக்கி-நி. அதின்ர கருத்து, உங்களுக்கு முந்தி நான் எடுக்கிறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

சாகினியும் இல்லை, சூனியமும் இல்லை.

ம. என்ர பக்கம் திரும்பினாள். இரண்டு கையையும் பாயில வைச்சுக் குனிஞ்சாள். சொல்லைச் சரியாச் சொன்னாள். ஒரு கிழமையாப் பாடமாக்கினதல்லோ. பேந்து தமிழில:

"உங்களுக்கு முந்தி, அக்கா. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நெத்தி பாயில முட்டினது முட்டினதுதான். நிமிரேல்லை. தோள் குலுங்குது. தேத்தண்ணிக்கு ஆரும் இப்பிடி அழமாட்டினம்.

விளங்கிச்சு எனக்கு. எல்லாம் விளங்கிச்சு. பதிலுக்கு நானும் குனியவேணும், அவ்வளவுதான். ஓம் எண்ட மாதிரி. பெட்டை கண்ணால காட்டினாள். நான் மரக்கட்டை மாதிரி முக்காலியில இருந்தன். முப்பத்திமூண்டு வருசம். ஒரு குனிவில முடிக்கலாம் எண்டு நினைச்சாளே?

ம. குடிக்கேல்லை. நுரை அடங்கி, கிண்ணம் அவளுக்கு முன்னால ஆறிப்போய்க் கிடந்தது. ஜப்பான் அம்மா அடுத்த கிண்ணத்தை எனக்குக் கலக்கித் தந்தா. நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் சொல்லாமல் குடிச்சன். கைப்பு.



ஒக்ரோபர் 12, ஞாயிறு

நித்திரை இல்லை. இவ்வளவு காலமும் கேக்காத மன்னிப்பை இப்ப ஏன்? ஏதும் பொல்லாத நோய் வருத்தமோ? ம. குளிக்கப் போக அவளின்ர லாச்சியைத் திறந்து பாத்தன். பிறசர் குளிசை. விற்றமின். என்ர பழைய கடிதங்கள், றபர் போட்டுக் கட்டினபடி. மூடிட்டன்.

பத்து மணிக்கு ம.வோட சந்தை. நாளைக்கு இங்க விடுமுறை, சரியான சனம். மேப்பிள் பாணி இரண்டு ரின். பூசணிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில நிண்டு நேராக் கேட்டன்.

"உனக்கு ஏதும் வருத்தமோ?"

"இல்லை அக்கா."

"அப்ப என்ன ஒளிக்கிறாய்? பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்காத."

பேந்து சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதிறன்.

"உங்களுக்குச் செவ்வாய் இல்லை, அக்கா. அப்பா உங்கட சாதகத்தை ஒருத்தரிட்டையும் காட்டேல்லை. மூத்தவளும் போனா அம்மாவை ஆர் பாக்கிறதெண்டு மாமாவோட கதைச்சவர். குசினிக்குள்ள நிண்டு கேட்டனான். எனக்கு இருபத்திநாலு வயசு. சண்டைக்காலம், செல் விழுகுது. எப்பிடியாவது வெளிக்கிடவேணும் எண்டுதான் இருந்தது. பேசாமல் இருந்திட்டன். வெள்ளிக்கிழமை ஐயரிட்டையும் கேட்டனான், நான் பிழையா நினைச்சனோ எண்டு. இல்லையாம். செவ்வாய் இல்லவே இல்லையாம்."

பிரெஞ்சுக்காரி ஒருத்தி "பர்தோன்" எண்டு எங்களை விலத்திக்கொண்டு பூசணி எடுத்தாள்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "குகனுக்குத் தெரியுமோ?"

"போன மாதம்தான் சொன்னனான். நீங்கள் வர முதல்."

ஒக்ரோபர் 13, திங்கள்

மூடல். விடுமுறை. ஒரு சொல் கதைக்கேல்லை. குகன் ஒருக்கா "மச்சாள், சாப்பிடுங்கோ" எண்டார். சாப்பிட்டன்.

கோவம். அவளிலயோ அப்பாவிலயோ தெரியேல்லை. அப்பா சுவரில படமா இருக்கிறார், படத்தோட என்னெண்டு சண்டை பிடிக்கிறது?

எங்கட பள்ளிக்கூடத்தில புவியியல் படிப்பிச்ச மாஸ்ரர். அப்ப நாற்பது வயசு எனக்கு. நேரா வந்து கேட்டவர், ஆளும் வடிவு, குணமும் வடிவு. நான்தான் மாட்டன் எண்டனான். என்னைக் கட்டினா செத்துப்போவார் எண்ட பயம். அந்த மனிசனைக் காப்பாத்தினன் எண்டு இருவது வருசமா எனக்குள்ள ஒரு பெருமை வேற.

மாஸ்ரர் பேந்து வேற ஆளைக் கட்டினவர், இப்ப இரண்டு வளந்த பிள்ளையள். சந்தையில காணுறனான். நல்ல சுகமா இருக்கிறார்.

அழுதன். எழுதி வைக்கிறன், பேந்து அழேல்லை எண்டு எனக்கே பொய் சொல்லாமல் இருக்க.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

டோர்வல். உள்ள வந்திட்டன், வாசல் 53. விமானத்துக்கு இன்னும் அரை மணி. கெதியா எழுதவேணும்.

விடிய ம. பிளாஸ்க்கில வெறும் தேத்தண்ணி போட்டாள். நான் ஊரில இருந்து கொண்டுவந்த பனங்கட்டியில இரண்டு துண்டு கடதாசியில சுத்தி. சோதனை வரிசைக்கு முன்னால கொண்டுவந்து நீட்டினாள். குகன் பேசினார், "தண்ணிச் சாமான் உள்ள விடமாட்டாங்களடி, எத்தினை தரம் சொன்னனான்." அதோட காருக்குக் காசு போட வேணும் எண்டு அங்கால போயிட்டார். நல்ல மனிசன்தான்.

அப்ப இங்கயே குடிக்கவேணும். மூடி ஒண்டுதான் கோப்பை. வார்த்து எனக்குத் தந்தாள். என்ர சீலையில கொஞ்சம் ஊத்துப்பட்டுது. பச்சைக் காஞ்சிபுரம். ஏன் கட்டினன் எண்டு எனக்கே தெரியாது.

மன்னிச்சிட்டனோ? இல்லை. இன்னும் இல்லை. சும்மா எழுதக் கூடாது. ஆனா அவளின்ர முகம், மூக்கெல்லாம் சிவந்து, சனிக்கிழமை தொடக்கம் ஒரு வாய் ஒழுங்காத் தின்னேல்லை. நரைச்சும் போச்சுது. நான் தலை இழுத்துப் பின்னி விட்ட பிள்ளை.

மூடியை அவளிட்டைத் திருப்பி நீட்டினன்.

"நீ முந்திக் குடி."

"ஐயோ, இல்லை அக்கா, உங்களுக்கு முந்தி நான் எப்பிடி..."

"குடியடி. ஆறப்போகுது."

குடிச்சாள். பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சு, மூக்கைச் சிந்திச் சிந்தி. பாதியில எனக்குத் தந்தாள். நான் திருப்பேல்லை. அவள் வாய் வைச்ச பக்கத்தாலேயே குடிச்சன்.

கூப்பிடுகினம்.