சேகர் போட்ட பந்து

மார்ச் 14, சனி.

ஏன் தலையாட்டினேன் என்று இன்னும் விளங்கவில்லை.

நான் வேலை பார்க்கும் மயிலாப்பூர் கிரிக்கெட் அகாடமிக்கு இன்று அந்த ஆஸ்திரேலியாக்காரர் வந்தார். ஒரு காலத்தில் அவர்கள் அணியின் தொடக்க ஆட்டக்காரர். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் சென்னையில் வலைப்பயிற்சியில் அவருக்கு நானும் சேகரும் பந்து போட்டிருக்கிறோம். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று என் பந்து ஒன்றில் போல்டு ஆனாராம். அதற்கப்புறம்தான் கால் வைக்கிற விதத்தையே மாற்றினாராம். அதனால்தான் இன்னும் நாலு வருடம் ஆட முடிந்ததாம். எல்லார் முன்னாலும் சொல்லி, கையெழுத்துப் போட்டு ஒரு பேட்டும் கொடுத்தார்.

அந்தப் பந்து சேகர் போட்டது.

சாயங்காலம் சேகரே போன் பண்ணினான். கோடம்பாக்கத்தில் ஆட்டோவை ஓரம் கட்டியிருந்தான்.

"இன்னா மச்சி, அவரு வந்துகீறாராமே? நம்மள ஞாபகம் கீதா அவருக்கு?"

"உன்ன நல்லா ஞாபகம் வெச்சிருக்கார்டா." எப்படி அப்படிச் சொன்னேன்?

"அப்ப நாளைக்கு நானும் வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

பேட்டை பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கு மேலே என் பெயர் இருக்கிறது. அவர் கேட்டபோது நான்தான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.