மேளம் நிற்காத இடம்

சூசையப்பர் கோயில்,
திருச்சுழி வட்டம்,
12.6.1994

அன்புள்ள இருளாண்டி அண்ணாச்சிக்கு,

பங்குச்சாமி தாவீதுராஜ் எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். உங்கள் நலத்தைக் கெடுத்தவனே அதைக் கேட்பது சரியாகப் படவில்லை. மகள் சத்யபிரியாதான் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். சத்யா, எந்த வரியையும் எனக்காகத் தாண்டிவிடாதே அம்மா.

நீங்கள் திருப்பூருக்குப் போய் இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. இத்தனை நாள் எழுதாததற்கு வேலை காரணமில்லை, வெட்கம்தான். பனியன் கம்பெனியில் இரவுக் காவல் பார்ப்பதாக மில்லில் உங்களோடு வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். இந்த வயதில் உங்களைக் கண் விழிக்க வைத்துவிட்டேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். என்றாலும் என் கையால் ஒருமுறை எழுதியாக வேண்டும். மதக் கலவரங்களால் நாடே பதறிக் கிடந்த நேரத்தில், நம் ஊரில் அப்படி எதுவும் வந்துவிடக் கூடாது என்று நீங்களும் நானும் இரண்டு தெருவுக்கும் நடையாய் நடந்து நல்லிணக்கக் குழு அமைத்தோம். பங்குனியில் உங்கள் அம்மன் பொங்கலும் எங்கள் சூசையப்பர் திருவிழாவும் ஒன்றாக வரும். எங்கள் சப்பரம் அம்மன் கோயிலைத் தாண்டும்போது மேளத்தை நிறுத்துவது, உங்கள் முளைப்பாரி எங்கள் கோயிலைத் தாண்டும்போது கொட்டுச் சத்தத்தையும் குலவையையும் நிறுத்துவது. இதுதான் பேச்சு. கிறிஸ்தவர்கள் சொல் தவறினால் என்ன செய்வது என்று உங்கள் கூட்டத்தில் கேட்டபோது, சாமியார் பேச்சுக்கு நான் ஜவாப்பு என்று நீங்கள் எழுந்து சொன்னீர்கள். முதல் வருடம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

இந்த வருடம் திருவிழா நாளிலேயே புனேயில் ஒரு கருத்தரங்கு. ஏட்டிலிருந்து அல்ல, மக்கள் படும் பாட்டிலிருந்து இறையியல் பேச வேண்டும் என்பதுதான் பல வருடமாக நான் படிப்பதும் எழுதுவதும். நம் ஊர் ஒப்பந்தத்தைப் பற்றிக் கட்டுரை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். புறப்படும் முன் பஸ் நிறுத்தம் வரை வந்தீர்கள். “சாமி, அன்னைக்கு ஒரு நா மட்டும் ஊருல இருங்க. எளவட்டங்க மொகமே சரியில்ல” என்றீர்கள். நீங்கள் இருக்கிறீர்களே என்று சிரித்துவிட்டு ஏறிவிட்டேன். அங்கே கைதட்டினார்கள். கட்டுரையில் உங்களை ‘ஒரு இந்துப் பெரியவர்’ என்று எழுதியிருந்தேன். பெயரைக்கூடப் போடவில்லை.

திரும்பி வந்தபோது தெருவில் போலீஸ் நின்றது. மேளம் நிற்கவில்லை என்றார்கள். அம்மன் கோயில் முன்னாலேயே சப்பரத்தை இறக்கி வைத்து எங்கள் பையன்கள் மேளம் அடித்திருக்கிறார்கள். தள்ளுமுள்ளில் உங்கள் வீட்டு ஆவுடைத்தாய் அக்கா தலையிலிருந்த முளைப்பாரி கீழே விழுந்து சிதறியிருக்கிறது. விரதமிருந்து வளர்த்த பயிர். இரண்டு பக்கமும் கம்பை எடுத்தபோது நடுவில் போய் நின்றது நீங்கள். அதற்கு உங்கள் தெரு கொடுத்தது ஊர்விலக்கு. தண்ணீரும் நெருப்பும்கூட உங்கள் வீட்டுக்கு இல்லை என்று ஆனது. ஜவாப்பு சொன்னவர் நீங்கள்தானே.

வீட்டைப் பூட்டிவிட்டு நீங்கள் கிளம்பிய அன்றும் நான் அருப்புக்கோட்டையில் சமாதானம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பிறகு உங்கள் ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். அம்மன் கோயில் பொட்டலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். உங்கள் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சிதான் பதில் சொன்னார். “மேளம் அடிச்சது நீங்களா சாமி? அடிச்சவுக வீட்டுல இருக்காக, நீங்க வந்து நிக்கீக.”

அந்த ஞாயிறு பூசையில் நடந்ததை அப்படியே சொன்னேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மேளக்காரப் பையன்களுக்குத் தலைவனான ஜோயலின் அம்மா பிலோமி மட்டும் கடைசி வரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். உங்கள் அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு அவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். யாராவது தூண்டிவிட்டார்களா என்று கேட்டதற்கு இல்லை என்றான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்: “சாமி ஊருல இல்லைன்னு தெரிஞ்சுதான் அடிச்சோம். இருந்திருந்தா அடிச்சிருக்க மாட்டோம்.”

அதன்பின் முத்துப்பேச்சிதான் எழுந்தார். விலக்கு வைத்த மறுநாளிலிருந்து உங்கள் வாசலை விடிவதற்குள் தான் பெருக்கி வருவதாகவும், வேண்டுமானால் தன்னையும் விலக்கி வைக்கலாம் என்றும் சொன்னார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பிலோமி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். விலக்கை எடுத்துவிட்டார்கள், அண்ணாச்சி. ஆனால் செய்தது தப்பு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நீங்கள் வந்தால் வரட்டும் என்றார்கள், அவ்வளவுதான். இதை உங்களுக்கு நல்ல செய்தியாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரையைப் புத்தகத்தில் போடக் கேட்கிறார்கள். இப்போதிருக்கிறபடி போட வேண்டாம் என்று எழுதிவிட்டேன். எங்கள் பிஷப் என்னை மதுரைக்குக் கற்பிக்கப் போகச் சொல்கிறார். ஒரு வருடமாவது இங்கேயே இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். எந்த ஊருக்கும் பாடம் சொல்ல இப்போது எனக்கு யோக்கியதை இல்லை.

ஊருக்கு வாருங்கள் என்று உங்களைக் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டால் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்ற பயம்தான். இந்த முறை நான் வருகிறேன். வருகிற வாரம் திருப்பூர் வந்து வாசலில் நிற்பேன். ஆவுடைத்தாய் அக்காவுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் கதவைத் திறக்க வேண்டாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுகிறேன்.

வழக்கமாகக் கடிதம் முடிக்கும்போது ஆசீர் எழுதுவேன். இன்று அதைக் கேட்க வேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன்.

உங்கள்,
தாவீதுராஜ்