லெத்திசியாவை வெட்டினவர்கள்

16 ஜனவரி 2025, வியாழன்

பாரிஸில், எங்கள் லா சப்பல் பக்கத்து ரூ காய் தெருக்கடையில் முருங்கைக்காய் விறகுபோலக் கிடந்தது. "நேற்றுத்தான் வந்தது அம்மா" என்றான் கடைக்காரன். போன கிழமையும் இதையேதான் சொன்னவன். வாங்காமல் வந்தேன்.

பின்னேரம் இளைய பேத்தி மெலானி தன் போனில் அக்காவின் ஆட்டத்தைக் காட்டினாள். லெத்திசியா என் மூத்த பேத்தி. இப்போது ருமேனியாவில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடுகிறாள். அவளுடைய இடத்துக்கு 'மெனூஸ்' என்று பெயர். பந்தைத் தட்டிக்கொண்டு போய், யார் எங்கே நிற்க வேண்டும் என்று கைகாட்டி, கடைசியில் இன்னொருத்தியிடம் கொடுப்பாள். கூடைக்குள் போடுகிறவளுக்குக் கைதட்டு. கொண்டுபோனவளை ஒருவரும் பார்ப்பதில்லை.

அதற்கு முதல் ஹங்கேரியில் ஆடினபோது முழங்கால் வீங்க வீங்க ஊசி ஏற்றி ஆடவிட்டார்கள். போலந்தில் கொடுத்த வீட்டில் சுடுதண்ணி வரவில்லை. துருக்கியில் சட்டையில் அவள் பெயரைப் பிழையாக எழுதிவிட்டு, திருத்த மூன்று கிழமை எடுத்தார்கள். எல்லாம் அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னவை. நான் சிரிக்கவில்லை. ஒன்றையும் மறக்கவும் இல்லை.

21 ஜனவரி, செவ்வாய்



மத்தியானம் மெலானி போனைப் பார்த்தபடி குசினிக்குள் வந்தாள். "அம்மம்மா, அக்காவை வெட்டிட்டாங்கள்."

வெட்டிட்டாங்கள்! லா சப்பலிலை அந்தச் சொல்லுக்கு வேறை என்ன அர்த்தம்? பொடியள் வாளோடை துரத்தினதை இந்த யன்னலாலை பாத்தவள் நான். சோத்துப்பானை கையை விட்டுப் போட்டுது. "எங்கை வெட்டினவங்கள்? தலையிலையோ?" எண்டு குளறுறன். மெலானி "ருமேனியாவிலை" எண்டு சொல்லுது!

மகள் இம்மாகுலேற் வேலையைப் பாதியில் விட்டு, ஏப்ரனோடு ஓடிவந்தாள். இரண்டு பேரும் நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருக்கும்போது லெத்திசியாவே போன் எடுத்தாள்.

"ஏன் அம்மம்மா அழுறியள்? நான் உயிரோடைதான் இருக்கிறன். ரீமிலை இருந்து எடுத்துப்போட்டாங்கள், அவ்வளவுதான்."

பிரெஞ்சில் அதற்கு 'கூப்பே' என்று சொல்வார்களாம். மெலானி அதைத் தமிழாக்கிவிட்டாள். "கூப்பே எண்டா வெட்டுறதுதானே?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். இதையும் நான் மறக்கப்போவதில்லை.

22 ஜனவரி

உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோசம் ஒரு இரவுதான் நின்றது. விடிய எழும்பக் கோபம். ஆட்டங்கள் பாதி கிடக்க எப்படி அனுப்பலாம்?

2 பெப்ரவரி, ஞாயிறு

வந்துவிட்டாள். முப்பத்திரண்டு வயதில், படியேறக் கைபிடியைப் பிடிக்கிறாள். நான் பிடிப்பதில்லை.

பூசை முடிந்து வெளியே வர, அதே கோயிலுக்கு வரும் செபஸ்டியனின் தாய் கிட்ட வந்தாள். "பிள்ளை இன்னும் பந்தோடைதானோ? கலியாணம் காட்சி ஒண்டும் இல்லையோ?"

"ஓம். உங்கடை மகன் சீட்டுக்காசோடையெல்லே ஓடினவர். என்ரை பிள்ளை பந்தோடைதானே ஓடினவள்."

லெத்திசியா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். மெற்றோவுக்குள் சிரிப்பு நின்றது.

"இனி ஒருத்தரும் கூப்பிடமாட்டினம் அம்மம்மா. முழங்காலைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். எனக்கு இதை விட்டா வேறை ஒண்டும் தெரியாது."

இப்படி அவள் கதைத்து நான் கேட்டதே இல்லை.

19 பெப்ரவரி

கிளப் தேடிக்கொடுக்கிற ஏஜென்டு இவளுடைய போனை எடுப்பதில்லையாம். இரண்டு நாளாக லெத்திசியாவின் அறைக்கதவு பூட்டு.

9 மார்ச், ஞாயிறு

பக்கத்து ஊர் லா கூர்னெவ்வில் பெட்டைகளின் கூடைப்பந்து ரீமுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேவையாம். லெத்திசியாவைக் கேட்டிருக்கிறார்கள். உடனே மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

"ஆர் பிள்ளை கேட்டது?"

"தியரி."

மெழுகுதிரியை ஊதி அணைத்தேன்.

2009 செப்டம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை. மழை. அதே லா கூர்னெவ் மண்டபம். பதினேழு வயதுப் பிள்ளை. அவ்வளவு பேருக்கும் முன்னால் பயிற்சியாளன் தியரி, ரீமுக்கு எடுத்தவர்களின் பெயர் வாசித்தான். இவள் பெயர் வரவில்லை. ஏன் என்று நான் கையால் கேட்டேன். 'பெத்தித்' என்று கையைத் தாழ்த்திக் காட்டினான். கட்டையாம்! ரண்டு வருசம் நான் பொரிச்சுக் குடுத்த ரோல்ஸைத் திண்ட வாயாலை சொன்னவன். பிறகு அவள் வேறு கிளப்பில் சேர்ந்து, அங்கிருந்துதான் நாடு நாடாகப் போனாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். லெத்திசியா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"எந்த நாள் அம்மம்மா? எனக்கு ஞாபகம் இல்லையே."

"என்ன?"

"எத்தினை பேர் என்னை வெட்டினவங்கள். முதலாவது ஆரெண்டு ஞாபகம் வைச்சிருக்கேலுமே?"

"நான் வைச்சிருக்கிறன்."

"எனக்காகவோ? உங்களுக்காகவோ?"

அணைத்த மெழுகுதிரியை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். 

30 மார்ச், ஞாயிறு

தியரி வீட்டுக்கே வந்துவிட்டான். தலைமயிர் முழுக்கப் போய்விட்டது. வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்து, "மதாம் ரோல்ஸ்!" என்றான்.

சீனி போடாத தேத்தண்ணி வைத்தேன். குடித்தான்.

"கேள் பிள்ளை, 2009ஐக் கேள்" என்று லெத்திசியாவை இடித்தேன். அவள் வெட்கத்தோடு கேட்டாள். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்து, தலையாட்டினான்.

"'நான் உன்னை எடுக்காமல் விட்டனானோ? இருக்காதே' எண்டு சொல்லுறார் அம்மம்மா."

நடிக்கவில்லை. நடிக்கிறவன் முகம் எனக்குத் தெரியும்.

செய்தவனுக்கும் ஞாபகமில்லை. பட்டவளுக்கும் ஞாபகமில்லை. அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரோடை கோவிச்சுக்கொண்டிருந்தனான்?

31 மார்ச்

லா கூர்னெவ் வேலைக்குக் கையெழுத்து வைத்துவிட்டாள். 

14 ஜூன், சனி



இன்று லா கூர்னெவ்வில் அடுத்த வருட ரீமுக்கு ஆள் தெரிவு. லெத்திசியாதான் தெரிவு செய்தாள். அந்த மண்டபத்துக்குள் கால் வைப்பதில்லை என்றிருந்தவள் நான். அவளுக்காகப் போனேன்.

லெத்திசியா பெயர் வாசிக்கவில்லை. வேண்டாத பிள்ளைகளை ஒவ்வொருவராக மூலைக்குக் கூட்டிப்போய், குந்தியிருந்து, மெல்லச் சொன்னாள். நல்ல வேலை என்று நினைத்தேன். தியரி பார்த்துப் படிக்கட்டும்.

கடைசியாக ஒரு மெலிந்த பெட்டை, பின்னல் நிறைய மணி கோத்தவள். அழாமல் நேரே நான் இருந்த வாங்குப் பலகைக்கு வந்து, எனக்குப் பக்கத்தில் இருந்த ஆபிரிக்க மனிசியின் மடியில் முகத்தைப் புதைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அந்த மனிசியின் பேத்தியாக்கும்.

அந்த மனிசி பிள்ளையை என் தோளில் சாய்த்துவிட்டு எழும்பினாள். நான் லெத்திசியாவின் அம்மம்மா என்று அவளுக்குத் தெரியாது. செருப்போடு மைதானத்தின் நடுவுக்குப் போய், லெத்திசியாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, தன் பாஷையில் தொடங்கினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. லெத்திசியா தலையைக் குனிந்து "பார்தோன் மதாம், பார்தோன்" என்றபடி நின்றாள். தியரி பந்து பொறுக்கிக்கொண்டிருந்தான்.

என்ரை பிள்ளைக்கு விரல் நீட்டுறியோடி எண்டு கேக்க எழும்பினன். எழும்பேலாமல் போச்சு. அந்தப் பெட்டையின்ரை தலை என்ரை தோளிலை கிடக்குது. எல்லாத்தையும் விட — அந்த மனிசி செய்தது பிழையாத் தெரியேல்லை. கர்த்தரே, என்ரை பிள்ளையைத் திட்டுறாள், எனக்குப் பிழையாத் தெரியேல்லை!

17 ஜூன், செவ்வாய்

இரண்டு நாளாக லெத்திசியா சரியாகச் சாப்பிடவில்லை. இன்று காலை குசினிக்குள் வந்து நின்றாள்.

"அம்மம்மா, அந்த மனிசி என்னை என்ன சொல்லித் திட்டினவ?"

"எனக்கென்ன அந்தப் பாஷை தெரியுமே?"

"விளங்கின மாதிரித்தானே பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

நான் வெங்காயம் உரித்தேன்.

"தேடிப்போய்க் கதைச்சா ஆறுவாவோ?"

"மாட்டா. சாகுமட்டும் மாட்டா."

கதிரையில் இருந்துவிட்டாள். இரண்டு முட்டை பொரித்து வைத்தேன். அந்தப் பெட்டைக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"அமினத்தா" என்றாள், தியரியைப்போல நெற்றியைச் சுருக்கி யோசிக்காமல். பதினாலு வயது, இடக்கையால்தான் தட்டுவாள், வலது பக்கம் திரும்பப் பயம், அதை ஒரு வருடத்தில் பழக்கிவிடலாம் — சொல்லிக்கொண்டே போனாள். முட்டை ஆறிப்போனது. நான் நிறுத்தவில்லை.