வெந்துபோன ஒயினுக்குத் தொண்ணூற்று மூன்று மார்க்

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் அரை மணி நேரம் ஃபெர்ரிக்கு நின்றேன். செருப்பு வார் பிய்ந்தது. வாங்க வேண்டியது: கொசுவத்தி, உப்பு, வீட்டுக்காரருக்கு பிளேடு.

மரைன் ஹில்லில் ஓட்டலுக்குள் நுழைந்ததுமே தபன்தா முகம் சரியில்லை. பாரில் என்னோடு வேலை பார்க்கும் பெங்காலிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "செல்வி, தோடா கட்பட் ஹோ கயா, சின்னக் குளறுபடி. கோபப்படாதே."

நேற்று எனக்கு லீவு. மெயின்லேண்டிலிருந்து ஒயின் பத்திரிகைக்காரர் ஒருவர் இந்தத் தீவுக்கு வந்து இறங்கியிருக்கிறார். ரூம், சாப்பாடு, ஸ்கூபா எல்லாம் ஓசி. கப்பல் லேட், நல்ல சிவப்பு ஒயின் தீர்ந்துவிட்டது. மேனேஜர் பிடுங்கியெடுக்க, தபன்தா கிச்சன் ஸ்டோரில் இருந்த பாட்டிலைத் திறந்து ஊற்றிவிட்டார்.

எந்த பாட்டில்? 'சமையலுக்கு மட்டும்' என்று நானே எழுதி ஒட்டிய நாலு பெட்டிகளில் இருந்த ஒன்று! போன மாதம் ஹாடோ துறைமுகத்தில் இறக்கி, தார்ப்பாய்கூடப் போடாமல் மூன்று நாள் வெயிலில் கிடந்த சரக்கு. கார்க் மேலே துருத்திக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த தாளுக்கு அடியில் பிசுபிசு. ஒரு வாய் வைத்துத் துப்பினேன். கொதிக்க வைத்த திராட்சைப் பாகு. ஒயின் வெந்தால் அப்படித்தான், திரும்பி வராது. கப்பலில் வந்த எதையும் இங்கே கொட்ட மனசு வராது என்பதால் மட்டன் கிரேவிக்கு ஒதுக்கி வைத்தேன்.

"அந்த ஆள் துப்பலையா?"

"துப்புறதா? பஹுத் குஷ். இன்னொரு கிளாஸ் கேட்டார்."

போகட்டும், மானம் தப்பியது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். செருப்பு டாலிகஞ்ச் கடையில், தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பத்திரிகைக்காரரின் கட்டுரை நெட்டில் வந்துவிட்டது. மானம் தப்பவில்லை.

நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று மார்க்காம்! "தீவின் வெயிலைக் குடித்த ஒயின்." "கனிந்த பழத்தின் ஆழம்." "மண்ணின் குணம்." எந்த மண்ணய்யா? திராட்சை விளைந்தது மெயின்லேண்டில். இங்கே அது பார்த்த மண் ஹாடோ சிமெண்டுத் தரை ஒன்றுதான்.

ஃபெர்ரியில் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து, "ஊர்ல ஏதும் துக்கமா?" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

கட்டுரைக்குக் கீழே எழுதிவிட்டேன். மரியாதையாகத்தான். 'அந்த ஓட்டலின் ஒயின் பொறுப்பாளர் நான். அது வெயிலில் கெட்டுப்போன பாட்டில். தவறுதலாகப் பரிமாறப்பட்டது. மன்னிக்கவும்.' அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் ஒரே கூத்து. ஒரு கோஷ்டி, கெட்டதா நல்லதா என்பதே பழைய பஞ்சாங்கம், எல்லாமே ரசனைதான் என்கிறது. இன்னொரு கோஷ்டி, இவர் எங்கே போனாலும் ஓசி, எதற்கும் தொண்ணூறுக்குக் குறையாது என்கிறது. நடுவில் ஒருவன்: "பாட்டில் திறக்கிற பொம்பளையெல்லாம் பாடம் எடுக்குது." அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள்!

பத்திரிகைக்காரரும் பதில் போட்டிருக்கிறார். பழகிய சுவையிலேயே தேங்கிவிட்ட நாக்குகளுக்கு இது புரியக் காலம் ஆகுமாம்.

என் நாக்கா தேங்கியது? இரண்டு வருஷம் பெங்களூரில் ஒயின் படிப்பு படித்தேன். நாக்கு கெட்டுவிடும் என்று காலையில் காபி கிடையாது, ஊறுகாய் கிடையாது. அம்மாவிடம் இன்றுவரை 'ஓட்டலில் சூப்பர்வைசர்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு இருப்பது இந்த நாக்கு ஒன்று. அதையும் ஓசிச் சோறு தின்றவன் பழிக்கிறான்.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். துறைமுக ஆபீஸ் கிளார்க்குக்கு எல்லாமே ஃபைல்தான். "எவனோ நல்லாருக்குன்னு சொன்னா ஒனக்கு என்னடி? ரசத்த ஊத்து." ஊற்றினேன், கொஞ்சம் வேகமாக.

ஜூன் 16, திங்கள்

மேனேஜர் கூப்பிட்டார். டில்லிக்காரர், எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்போடேயே: "செல்வி ஜி, வோ கமெண்ட் ஹடா தோ." நீக்க வேண்டுமாம். அப்புறம் மேஜைமேல் ஒரு அட்டை. 'தீவின் வெயில் ஒயின். 93/100. எங்கள் ஒயின் நிபுணர் செல்வியின் தேர்வு.' கீழே என் போட்டோ.

"சார், இது கிரேவிக்குப் போற சரக்கு."

"கெஸ்ட் அதைத்தான் கேக்குறாங்க. நீங்க நிபுணர், நீங்க சொன்னா நம்புவாங்க."

நான் சொன்னதைத்தானே சார் யாரும் நம்பவில்லை! சொல்லவில்லை. இதுதான் என் புத்தி, வீட்டுக்கு வந்த பிறகு வாய் வரும். கமெண்டை மட்டும் நீக்கவில்லை.

ஜூன் 18, புதன்

மழை, காற்று. ஃபெர்ரி இரண்டு டிரிப் ரத்து. கடையிலிருந்து செருப்பைத் திரும்ப வாங்கினேன். தைத்த இடம் கடிக்கிறது.

நாலு பெட்டியும் காலி. தேனிலவு ஜோடிகள் அட்டையோடு செல்ஃபி எடுக்கிறார்கள். ஒரு கோயம்புத்தூர்ப் பெண், கண்ணாடி வளையல், மருதாணி கலையாத கை. ஒரு வாய் குடித்து முகம் சுளித்தாள். புருஷன் சொல்கிறான்: "மெதுவா குடி. நமக்குப் பழக்கமில்ல, அதான் ஒருமாதிரி இருக்கு. அந்த அக்கா போட்டோவே போட்டிருக்காங்க பாரு." அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் நாக்குதான் சரி என்று சொல்லாமல் நின்றேனே, என்னைச் செருப்பாலேயே அடிக்க வேண்டும்.

மத்தியானம் ஒயின் கம்பெனியின் சேல்ஸ்மேன் போன். தன் சரக்கு கெட்டுப்போனதற்கு வருத்தப்படுவான் என்று பார்த்தால், "மேடம், அடுத்த லாட்டுக்கும் அதே டேஸ்ட் வரணும். எத்தனை நாள் வெயில்ல வெச்சீங்க?"

ஜூன் 20, வெள்ளி

கப்பல் வந்தது. நாற்பத்தெட்டு பாட்டில், அத்தனையும் நல்லது. மேகமூட்டத்திலேயே இறக்கிவிட்டார்கள். ஒன்றைத் திறந்து பார்த்தேன். என்ன மணம்! பத்து நாளில் முதல் தடவையாகச் சந்தோஷம்.

அரை மணி நேரம்தான். பெட்டிகளைக் கூல் ரூமில் வைக்கப் போனால் காணோம். மேனேஜர் ஆர்டராம். ஜூன் மாதம் வெயிலுக்கு எங்கே போவது என்று லாண்டிரி பாய்லர் ரூமில் அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே போனால் மூச்சு முட்டுகிறது. மேனேஜர் பின்னாலேயே வந்தார், அதே சிரிப்பு.

"அஞ்சு நாள் போதுமா? தினம் ஒண்ணு டேஸ்ட் பண்ணுங்க. ரெடியானதும் சொல்லுங்க. வெந்துச்சா இல்லையான்னு உங்களுக்குத்தானே தெரியும்."

அவர் போனதும் தபன்தாவைப் பார்த்தேன். அவரே முதல் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஆளுக்கு இரண்டு பெட்டி, இரண்டு மாடி. கூல் ரூமைப் பூட்டினேன். மேஜைகளில் இருந்த அட்டைகளையும் பொறுக்கிக்கொண்டேன், என் முகம் பதினாறு.

இதை ஃபெர்ரியில் எழுதுகிறேன். தூறல். இஞ்சின் சத்தம். போன் மூன்று தடவை அடித்தது, நாலாவது தடவை எடுத்தேன். மேனேஜர்.

"சாவி எங்கே?"

"என் பையில சார். காலையில வரும். பாட்டில் பாய்லர் ரூமுக்குப் போகாது."

"அப்ப நாளையிலிருந்து வேற ஆளைப் பார்த்துக்கறேன். அந்தப் பத்திரிகைக்காரரையே கூப்பிட்டு ரெடி பண்ணச் சொல்றேன்."

"கூப்பிடுங்க சார். எது வெந்தது, எது வேகாததுன்னு அவருக்குத் தெரியாது. அதைத்தான் நான் கமெண்ட்ல எழுதினேன்."

வைத்துவிட்டேன். பாம்பூஃப்ளாட் வந்துவிட்டது, கயிறு போடுகிறார்கள்.