பெரணி மங்கலாக விழுந்தது

ஜூன் 3

மறுபடியும் பிலிம் வீண். உள்ளங்கையைவிடப் பெரிய தாள். ஒரு தாளுக்கு ஒரு படம்தான். மரத்தடியில், பூக்காமல் இலையாகவே சுருண்டு விரியும் பெரணிச் செடியை எடுக்க விடியற்காலையிலிருந்து ஈர மண்ணில் தவழ்ந்ததுதான் மிச்சம். கழுவிப் பார்த்தால் செடி மொத்தமும் மங்கல். காற்றில் ஆடிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். குடையை விரித்துப் பிடித்து, செடிமேல் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளே அவள்தான்.

ஜூன் 5

இடுப்பு போய்விட்டது. எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 9

கண் டாக்டர் சொன்னது: "பார்வையோட நடுப்பகுதி தேஞ்சு போச்சு சார். கண்ணாடி மாத்தினாலும் சரியாகாது."

வீட்டில் என்ன சொன்னேன்? தூசி விழுந்திருந்தது என்று.

காட்டுச் செடிகள் புத்தகத்துக்கு இன்னும் சில படங்கள் பாக்கி. மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் செடி தலைகீழாக, மங்கின வெளிச்சத்தில் தெரியும். அதைப் பார்த்துத்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும். இப்போது எனக்கு நட்டநடுவில் புகை. எது பளிச்சென்று படுகிறதோ அதில் வைத்துவிடுகிறேன். இந்த வேலையும் போனால் நான் யார்? வீட்டில் கிடக்கும் இன்னொரு சாமான்.

ஜூன் 14

மாட்டிக்கொண்டேன்.

அன்றைக்குக் கழுவின பெரணி பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவள் வெகுநேரம் கையை இறக்கவில்லை.

"பெரணி மங்கலா இருக்கு. முன்னாடி இருக்கிற சிலந்தி நூல் மட்டும் கம்பி மாதிரி நிக்குது. காத்தடிச்சா நூல்தானேங்க முதல்ல ஆடும்?"

வெட்கக்கேடு. கத்தினேன் — என்னத்தைக் கத்தினேன், நீ குடையை ஒழுங்கா பிடிச்சிருந்தா என்று. அவள் அழவில்லை. "டாக்டர் என்னதான் சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 15

பேச்சு வார்த்தை இல்லை.

ஜூன் 18

இனி ஃபோகஸ் அவள் பொறுப்பு. கேமராவின் பின்பக்கத்தை மூடும் கறுப்புத் துணிக்குள் அவள் தலையை விட்டாள். நான் வெளியே.

"ஐயையோ, எல்லாம் தலைகீழா நிக்குது!"

"அப்படித்தான் நிக்கும். தண்டுல இருக்கிற முடி தெரியுதா?"

"பொறுங்க, உயிரை வாங்காதீங்க... தெரியுது. ஒண்ணொண்ணாத் தெரியுதுங்க."

எனக்கு அது தெரிந்து மாதக் கணக்காகிறது. பெண்டாட்டிமேல் பொறாமைப்படுகிற வயதா இது?

ஜூன் 20

கழுவினோம். அத்தனையும் துல்லியம் என்கிறாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை பிலிமில் பச்சை இல்லாத ஒரு காடு, அவ்வளவுதான் எனக்கு.

ஜூலை 2

எழுந்தபோது ஸ்டாண்டும் கேமராவும் இல்லை. தன் தங்கையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கிறாள். என் கறுப்புத் துணி மட்டும் கொடியில் தொங்குகிறது. வியர்வை நாற்றமாம்; நேற்று தன் பழைய கறுப்புப் பாவாடையை வெட்டி வேறொன்று தைத்துக்கொண்டாள்.

எழுப்பியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபத்தோடுதான் மறுபடி படுத்தேன். கண் விழித்தபோது மதியம் தாண்டியிருந்தது. இப்படித் தூங்கி எத்தனை மாதமாயிற்று.