ரிமோட் எட்டவில்லை

ஆடி 9, புதன்

விடியுமுன்பே காற்று. மலைப் பக்கம் சாரல். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள்களை ஜீப்பில் இறக்கிவிட்டுக் கம்பம் திரும்ப மணி பத்து. வழக்கம்போல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஜீப் ஷெட்டின் ரிமோட்டை அழுத்தினேன். ஷெட் தெருவுக்கு அந்தப் பக்கம்தான். ஷட்டர் அசையவில்லை. இரண்டு வருடமாக எட்டிய தூரம்.

"என்னப்பா, மந்திரம் பலிக்கலையா?" - கடைக்காரர்.

"ஒங்க டீயைக் குடிச்ச கையில, அதேன் தெம்பில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. கிட்டே போய் அழுத்தினால், மூன்றடி தூரத்தில்தான் ஷட்டர் ஏறுகிறது.

ஆடி 10, வியாழன்

செய்து பார்த்தவை:
- புது பேட்டரி. பலன் இல்லை.
- ரிமோட்டைத் தாடையில் ஒட்டி அழுத்துவது. மச்சினன் கண்ணன் யோசனை, உடம்பே ஏரியல் ஆகுமாம். கேரளாவில் ஒரு வீட்டில் கழற்றிய இந்த மோட்டாரை வாங்கி வந்து மாட்டியவனே அவன்தான். ஒரு முழம் கூடியது. கடையில் பல்வலியா என்றார்கள்.
- பக்கத்து வீட்டில் டி.வி. பூஸ்டரை அணைக்கச் சொன்னது. நாடக நேரம். நல்ல திட்டு.

முதுகு வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஆடி 11, வெள்ளி

ஷட்டர் பக்கத்துக் குழல் பல்பு அலையைக் கெடுக்கும் என்றான் கண்ணன். ஏணி போட்டு ஏறினேன். கீழே பிடித்துக்கொண்டது என் மனைவி சரசு.

"பாத்து. விழுந்துறாதீக."

"விழுந்தா ஒம் மேலதேன்."

சிரித்தாள். பல்பைக் கழற்றியும் அதே மூன்றடி.

ஆடி 13, ஞாயிறு

இன்று வண்டி இல்லை. மோட்டார் பெட்டியையே திறந்துவிட்டேன். "நான் வராமத் தொறக்காதீக மாமா" என்று கண்ணன் சொல்லியிருந்தான். ஒரு சாண் தொங்க வேண்டிய ஏரியல் வயர், நகமளவு. எலி கடித்ததல்ல. கட்டிங் பிளேயரால் நறுக்கி, முனையில் சிவப்பு டேப். சிவப்பு டேப் சுற்றுகிறவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

கண்ணனைக் கூப்பிட்டேன். வந்தான். என்னைப் பார்க்கவில்லை, சரசுவைப் பார்த்தான்.

"அக்காதேன் வெட்டச் சொன்னுச்சு மாமா."

சரசு முறத்தைக் கீழே வைத்தாள். அவளும் நாலு பெண்களும் பகலில் ஆடிக் காற்றுக்காக ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேதான் ஏலக்காயைத் தரம் பிரிப்பார்கள்.

"போன வாரம் கடையில உக்காந்துக்கிட்டு ஷட்டரத் தூக்குனீக. காத்து உள்ள பூந்து, பெருசு, சிறுசு, வெடிச்சது அம்புட்டும் ஒண்ணாக் கெடந்துச்சு. காலையிலருந்து பிரிச்சது. கடையில ஆம்பளைக சிரிச்சாக. நீங்களுந்தேன். வேணாமுன்னு சொன்னேன். மறுநாளும் தூக்குனீக."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வெட்டியிருக்கலாம்ல?"

"சொன்னா அதுக்கும் ஒரு கேலி சொல்வீக."

தூக்கினேன், சரி. விளையாட்டுதான். ஆனால் நான் பேட்டரி மாற்றுகிறேன், தாடையில் வைக்கிறேன், ஏணி ஏறுகிறேன். வயர் இல்லை என்று தெரிந்தே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாளே. அவன் யோசனை சொன்னானே. பத்தொன்பது வருடக் குடித்தனம்.

சாப்பிடவில்லை. கேட்டாள். பசியில்லை என்றேன். பசித்தது.

ஆடி 15, செவ்வாய்

கண்ணன் புது வயரோடு வந்தான். "ஒட்டிறவா மாமா?" சரசு தலை தூக்கவில்லை. வேண்டாம் என்றேன். நிம்மதியாக மூச்சு விட்டது அவளா, அவனா, தெரியவில்லை.

ஆடி 16, புதன்

காற்று குறையவில்லை. டீக்கடைக்குப் போகவில்லை. ஜீப்பை ஷெட் ஓரம் நிறுத்தி இறங்கினேன். உள்ளே பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம். சரசு குரல்தான் மேலே. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ரிமோட்டை எடுக்காமல் விரலால் ஷட்டரைத் தட்டினேன்.

"யாரு?"

"நாந்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.